கை நனைத்த மீன்கள்

மாசி பிறந்து சில நாள் கழிந்த ஒரு வியாழக்கிழமை, தாழைமங்கலத்தில் எல்லா வீட்டிலும் மத்தியானச் சோற்றுக்கு உட்காருகிற நேரத்தில், குணவதியின் குளத்து மீன்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்து, கரையைத் தாண்டி, முழங்கால் உயரத்துக்குக் காற்றில் நீந்திக்கொண்டு, சொட்டச் சொட்ட ஊருக்குள் போயின. கட்லாவும் ரோகுவும் புல்லுக்கெண்டையுமாக முச்சந்தி வரைக்கும் ஒன்றாக வந்தவை, அங்கே பிரிந்து, யாரிடமும் வழி கேட்காமல், அவையவை போக வேண்டிய வீட்டுக்குப் போய், கொல்லைப்புறமாக நுழைந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றன. நடுத்தெரு லோகாம்பாள் தன் வீட்டுக்குள் வந்த கட்லாவைப் பார்த்து, "இப்பத்தான் தரையத் தொடச்சேன், அதுக்குள்ள ஈரம் பண்ணிட்டியா?" என்று அதட்டினாள். அப்புறம் அது நின்ற நிற்பைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு வாய் பருப்புச் சோற்றை உருட்டி நீட்டினாள். அது தின்றுவிட்டு வந்த வழியே போயிற்று.

குளத்தங்கரையில் உட்கார்ந்து தவிடு பிசைந்துகொண்டிருந்த குணவதி, தான் குஞ்சிலிருந்து வளர்த்த மொத்த மீனும் வரப்பு வழியாக ஊருக்குள் போவதைப் பார்த்து, "இது வேற பாக்கியா எனக்கு?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. குணவதி பெரும்பாலும் பொதுவாகத்தான் கேட்பாள், பதில் வராது, பதில் வராததால் எரிச்சல் இன்னும் ஏறும். ஆச்சரியப்படுகிற அளவுக்கு அவளுக்கு வாழ்க்கையில் ஓய்வு கிடைத்ததில்லை. புயலில் கடல் ஏறி வந்து வயலை உப்பாக்கிவிட்டுப் போன வருஷம், அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மூட்டை கட்டியபோது, நான் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, வயலைத் தோண்டிக் குளமாக்கி, மழைத்தண்ணீரைப் பிடித்து, மீன் விட்டவள் அவள். ஊர் சிரித்தது. புருஷன் பக்கிரிசாமி ஊரோடு சேர்ந்து சிரித்தான். அவன் யார் என்ன சொன்னாலும் சேர்ந்துகொள்கிற ஆள்.

கடைத் தீவனம் கட்டுப்படியாகாமல் போனபோது, ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவள் செய்து பார்த்தாள். வீடுகளில் கழிகிற காய்கறித் தோல், வாழைமட்டை, முட்டைக்கோஸ் இலை, இவற்றை நறுக்கி, மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற இடத்தில் மிஞ்சுகிற குடல், செவுள், தலை எல்லாவற்றோடும் சேர்த்து அரைத்து, வெல்லப்பாகும் புளித்த மோரும் ஊற்றி, டிரம்மில் போட்டு இறுக மூடி வைத்தால், சில வாரத்தில் அழுகல் நாற்றம் அடங்கி மாவு புளித்த வாடை வரும். அதைத் தவிட்டில் பிசைந்து போட்டால் மீன் மொய்த்துக்கொண்டு தின்னும், மளமளவென்று வளரும். சொன்னபடியே வளர்ந்தது. வினை எங்கே வந்தது என்றால், தன் வீட்டுக் கழிவு போதாமல் இந்த வருஷம் மற்ற வீட்டுக் கழிவையும் கேட்டு அவள் தெருத்தெருவாக மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு போனாளே, அங்கே வந்தது.

தாழைமங்கலத்தில் கை நனைப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஒரு வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் அந்த வீட்டோடு உறவு. உறவான பிறகு அடித்துக்கொள்ளலாம், கோர்ட்டுக்குப் போகலாம், ஏழு வருஷம் முகம் பார்க்காமல் இருக்கலாம், ஆனால் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் பெண் பார்க்கப் போகிறவர்கள் பேச்சு முடிகிறவரைக்கும் காப்பித் தண்ணியோடு நிறுத்திக்கொள்வார்கள், பகையாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மொய் எழுதிவிட்டுப் பந்திப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவார்கள். எந்தத் தெரு எந்தத் தெருவில் கை நனைக்கும், எந்தத் தெருவுக்குப் போனால் வாசலோடு திரும்பும் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊரில் போய்க் கழிவைச் சேர்க்கக் கிளம்பினாள் குணவதி.

மேலத்தெரு ரெங்கராசு, ஊர் நாட்டாமை, வாழைமட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "எங்கூட்டு மட்டையும் நடுத்தெருக்காரன் வூட்டு மட்டையும் ஒண்ணா ஊறி, அத ஒரே மீனு தின்னா, அப்பறம் எங்களுக்குள்ள என்னா வித்தியாசம் இருக்கு? நாளைக்கே வந்து பொண்ணு கேப்பான்."

"குப்பைங்க அது," என்றாள் குணவதி.

"குப்பைன்னாலும் எங்க குப்ப."

நடுத்தெருவிலும் அதே பேச்சு. குணவதியின் சொந்தத் தெரு அதுதான். அங்கேயும் லோகாம்பாள், "பக்கத்து வூட்டுக்காரியோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல, எங்கூட்டு முருங்கக்கீர அவ வூட்டுக் கீரையோட சேரக்கூடாது," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கழிவு வேண்டும் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குணவதி மூடிக்கொண்டாள். வீட்டுக்கு ஒரு டிரம் வாங்கி, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுப் பெயரைப் பெயிண்டால் எழுதி, குளத்துக் கரை நெடுக நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் நேர் எதிரே தண்ணீரில் ஒரு கம்பு நட்டு, அந்த வீட்டுத் தீவனத்தை ஓட்டை போட்ட சாக்கில் அந்தக் கம்பிலேயே கட்டித் தொங்கவிட்டாள். பழகின கம்பை விட்டு மீன் நகரவில்லை. இது இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வேறு ஊராக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டியிருப்பார்கள், மீனும் மீனாகவே இருந்திருக்கும்.

மார்க்கெட்டிலிருந்து வந்த குடலையும் செவுளையும் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது எல்லா டிரம்மிலும் விழுந்தது. மார்க்கெட் வழியாக வருகிற பொருளுக்குத் தெரு கிடையாது என்பது ஊரின் நம்பிக்கை.

ஆக, வியாழக்கிழமை வந்த மீன் வெள்ளிக்கிழமையும் வந்தது, சனிக்கிழமையும் வந்தது, ஒரு வாரத்தில் மத்தியானம் உலை வைக்கும்போதே மீனுக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி போடுவது வழக்கமாகிவிட்டது. முதலில் தரை ஈரமாகிறது என்று புலம்பியவர்கள் வாசலில் சாக்கு விரித்தார்கள். சாக்கில் உடம்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே வர மீன்கள் பழகிக்கொண்டன. கொல்லைப்புறமாக வருகிற மீனைப் பார்த்து, நம்ம வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தது ஏன் திருடன் மாதிரி வர வேண்டும், முன்வாசல் வழியாகவே வரட்டும் என்று மேலத்தெருவில் முடிவு செய்தார்கள், அதைக் கேள்விப்பட்டு நடுத்தெருவிலும் முன்வாசலைத் திறந்து வைத்தார்கள். பெயர் வைத்தார்கள். நாட்டாமை வீட்டு ரோகுவுக்குச் செத்துப்போன அவருடைய சித்தப்பாவின் பெயரை வைத்து, அவர் மாதிரியே முறைக்கிறது என்று மெச்சினார்கள். கல்யாணப் பத்திரிகையில் சுற்றமும் நட்பும் சூழ என்கிற இடத்தில் சுற்றமும் நட்பும் மீனும் சூழ என்று அச்சடித்தார்கள். ஒரு வீட்டு மீனை நாரை கொத்திக்கொண்டு போனபோது அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை; துக்கம் கேட்க வந்தவர்கள் நாரையின் குணம் பற்றி விலாவாரியாகப் பேசிவிட்டுப் போனார்கள். டவுன் பஸ் கண்டக்டர் மத்தியான டிரிப்பில் முச்சந்திக்கு வந்ததும் விசிலடித்து வண்டியை நிறுத்தி, மீன்கள் கடந்து போனதும் மறுபடி விசிலடித்தார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டார்கள், குணவதியைத் தவிர.

அவளுக்கு மீன் வளர்ந்துவிட்டது. எடை வந்துவிட்டது. பங்குனி வெயில் ஆரம்பித்தால் குளம் நாளுக்கு நாள் இறங்கும், அடியில் கிடக்கிற உப்பு மேலே வரும், மாசக் கடைசியில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. அதற்குள் பிடித்து லாரியில் ஏற்றவில்லை என்றால் அத்தனையும் சேற்றில் செத்து மிதக்கும். அப்படி மிதந்தால் அவளுக்கும் திருப்பூர்தான். இதைத்தான் அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள், கத்திச் சொன்னாள். மீன்களும் தண்ணீரை விட்டு ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு மேல் தாங்காது, ஓடோடிக் குளத்துக்குத்தான் திரும்ப வேண்டும் என்று எடுத்துக் காட்டினாள்.

"அதுக்காவ?" என்றாள் லோகாம்பாள். "எங்கூட்ல கை நனைச்சிருக்கு குணவதி. எங்கூட்டு மனுசாளு மாதிரி அது. வெட்டுக் கத்திக்கு அனுப்பச் சொல்றியா?"

"அதுக்குக் கையே இல்ல அத்த. எங்கேருந்து நனைச்சுது?"

"வாய் நனைச்சா கை நனைச்ச மாதிரிதான்."

மீன் வாங்குகிற யாசின் பாய் லாரியும் வலையும் ஆளுமாக முதல் தடவை வந்தபோது, ஊரே கரையில் நின்றது. வலையை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தால், இது எங்க வீட்டுது, அதோ மூக்கில் மச்சம், இது எங்க பாப்பாவோடது என்று ஆளாளுக்குத் தண்ணீரில் இறங்கித் தங்கள் மீனைத் தூக்கி வலைக்கு வெளியே விட்டார்கள். கடைசியில் வலையில் மிஞ்சியது ஒரு பழைய ரப்பர் செருப்பு. பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "அடுத்த வாரம் வர்றேம்மா," என்று போய்விட்டார்.

இரண்டாவது தடவை, ஊர் எழுந்திருக்கும் முன்னே விடியக்காலம் வலை போடலாம் என்று பாயோடு ரகசியமாகப் பேசி வைத்தாள். விடிவதற்குள் ஊர் முழுக்கக் கரையில் காத்திருந்தது. முதல் நாள் சாயங்காலமே டீக்கடையில் பக்கிரிசாமி எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

"ஏன்யா சொன்ன?" என்று கேட்டாள் குணவதி.

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் வீட்டு டிரம்மில் வளர்ந்த புல்லுக்கெண்டை தினமும் அவன் தட்டுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். "அது என்னைய மாப்ளன்னு நெனக்கிது குணவதி. பாரேன், நான் சாப்புட்டாத்தான் அதுவும் சாப்புடுது."

"நீ என்னா வேலைக்குப் போற, எதுல சாப்புடுற, அந்தத் தட்டுல சோறு எங்கேருந்து வருதுன்னு அதுகிட்டயே கேளு," என்றாள் அவள். சொல்லிவிட்டு டிரம்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, எல்லாப் பெயரையும் வரிசையாகத் திட்டினாள். ஊர் இவள் மீனை எடுத்துக்கொண்டு இவளுக்கே உறவுமுறை சொல்லிக்கொடுக்கிறது. இந்த உறவுக்காரர்களில் ஒருத்தராவது ஒருநாள் வந்து தவிடு பிசைந்தார்களா? தினமும் மத்தியானம் ஒரு உருண்டை சோறு கொடுத்துவிட்டு வளர்த்தது நாங்கள் என்கிறார்கள். தண்ணீர் மட்டம் கம்புகளில் ஒரு சாண் இறங்கியிருந்ததை அவள் பார்த்தாள். நடுத்தெருவுக்குப் போய்க் குழாயடியில் நின்று ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது லோகாம்பாளால். அவள் வீட்டுக் கட்லா ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மத்தியானம் வந்தால் ஒரு வாய், அதுவும் மரியாதைக்கு. வயிறு சரியில்லையோ என்று ஓம வாட்டர் கலந்து கொடுத்துப் பார்த்தாள். அப்புறம் சந்தேகம் வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் குளத்தங்கரைக்குப் போய் மறைவாக நின்றாள். மீன்கள் மறுபடி கிளம்பின, அவளும் பின்னாலேயே போனாள். இந்தத் தடவை முச்சந்தியில் பிரியவில்லை. நாட்டாமை வீட்டு ரோகு முன்னால் போக, அத்தனை மீனும் ஒரே கூட்டமாக வாய்க்கால் மதகைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தெருவுக்குள் போய், செல்லக்கிளி வீட்டுக் குனிந்த வாசலில் ஒவ்வொன்றாக நுழைந்தன. உள்ளே அத்தனை மீனும் வட்டமாக நிற்க, செல்லக்கிளி நடுவில் உட்கார்ந்து சோறு பிசைந்து போட்டுக்கொண்டிருந்தாள். லோகாம்பாள் வீட்டுக் கட்லா ரெண்டு வாய், மூன்று வாய், நாலு வாய் என்று வாங்கித் தின்றது. லோகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

செல்லக்கிளி மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். அவள் கல்லில் மிஞ்சுகிற குடலையும் செவுளையும் வாளியில் கட்டி வைத்திருப்பாள், குணவதி ஆறு வருஷமாகத் தினமும் அவள் வீட்டு வாசலுக்குப் போய் வாங்கி வருவாள். "ஒரு வாய் சாப்டுட்டுப் போங்கம்மா," என்று செல்லக்கிளி ஆறு வருஷமாகத் தினமும் கேட்பாள். "வேலை கெடக்கு செல்லக்கிளி, இன்னொரு நாளைக்கு," என்று குணவதி ஆறு வருஷமாகத் தினமும் சொல்வாள். செல்லக்கிளி மூத்தவள்; பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் குணவதி. இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை, குணவதிக்கு இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

ஊர் கூடியது. நாட்டாமை மதகின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நின்ற செல்லக்கிளியைக் கேட்டார். "எங்க வூட்டுச் சித்தப்பாவ நீ எப்புடி ஒன் வூட்டுக்குக் கூப்புடலாம்?"

"நானா வெத்தல பாக்கு வச்சுக் கூப்ட்டேன்? அதுவா வருது," என்றாள் செல்லக்கிளி. "உங்க வூட்டு மட்டைய நீங்க தனித்தனியாப் போட்டீங்க. கொடலும் செவுளும் எந்த டிரம்முல போயி உழுந்துச்சு? எல்லாம் என் அருவாமனையில அறுத்தது. எல்லாமே எங்கூட்லயுந்தான் கை நனைச்சிருக்கு. எனக்கு மட்டும் என்னா வேண்டுதலா, இத்தினி வாய்க்குத் தெனமும் வடிச்சுக் கொட்டணும்னு? ரேசன் அரிசி பத்து நாளு வரமாட்டேங்குது."

மீன் நம்ம உறவு என்றால், மீனுக்கு உறவான செல்லக்கிளி நமக்கு என்ன முறை என்கிற கணக்கு எல்லார் முகத்திலும் ஓடியது. ஓடி முடிந்ததும் நாட்டாமை தொண்டையைச் செருமினார். "அது எங்க வூட்டு மீனே இல்ல," என்றார். "மீனு என்னா, ஒண்ணப்போலதான் எல்லாம் இருக்கு. தெரியாம இருந்துட்டோம்." ஆமாம் ஆமாம் என்று நடுத்தெரு சொன்னது. மூக்கில் மச்சம் பார்த்தவர்கள் எல்லா மீனுக்கும் மூக்கில் மச்சம் உண்டு என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் மீன்கள் வந்தபோது மேலத்தெருவிலும் நடுத்தெருவிலும் கதவுகள் சாத்தியிருந்தன. அவை வாசலில் விரித்த சாக்கைத் தேடின. சாக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவை திரும்பிவிட்டன. லோகாம்பாளின் கட்லா திரும்பவில்லை; கதவுக்குப் பக்கத்தில், யாராவது வந்து திறப்பார்கள் என்று நின்றது. உள்ளே லோகாம்பாள் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள். குணவதி விஷயம் கேள்விப்பட்டுக் குடத்தில் தண்ணீரோடு ஓடி வந்தபோது அது வாசற்படியில் கிடந்தது. செதில் காய்ந்து, கண் மங்கிப் போயிருந்தது. குடத்துக்குள் விட்டாள், அது அசையவில்லை. அத்தனை மீனையும் வெட்டி விற்க வளர்த்தவள்தான், இத்தனை நாளும் சனியன்கள் என்று திட்டியவள்தான், அவளுக்கு அந்த வாசலில் அழுகை வந்தது. கதவை ஓங்கி ஓர் உதை உதைத்துவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

இனித் தடை இல்லை. ஊரே, "ஏத்திட்டுப் போகச் சொல்லும்மா, இன்னும் ஏன் வச்சிருக்க," என்றது. யாசின் பாய் மூன்றாவது தடவை வந்தார். வலை போட்டார்கள். குளத்தில் ஒரு மீன் இல்லை. தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்துவிட்டிருந்தது, உப்புக் கரித்தது. முதல் நாள் பொழுது சாயப் போனவை திரும்பவே இல்லை. அத்தனையும் செல்லக்கிளி வீட்டில் இருந்தன. அண்டாவில், குடங்களில், மழைத்தண்ணீர்த் தொட்டியில், துவைக்கிற டப்பில் என்று தண்ணீர் இருந்த இடத்தில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. செல்லக்கிளி குடிதண்ணீரையும் அவற்றுக்கே ஊற்றிவிட்டிருந்தாள். இன்னும் ஒருநாள் அப்படிக் கிடந்தால் ஒன்றுகூடத் தேறாது.

லாரி மதகோடு நின்றது. ஊர் மதகின் இந்தப் பக்கம் நின்றது. குணவதி மட்டும் தாண்டிப் போய்ச் செல்லக்கிளி வீட்டு வாசலில் நின்றாள், வழக்கமாக வாளி வாங்குகிற அதே இடத்தில். அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். மீன்கள் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து வட்டமாக நிற்க, செல்லக்கிளி சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"லாரி வந்துருக்கு," என்றாள் குணவதி.

"பாத்தேன். பந்தியில உக்காந்ததுங்கள எழுப்பக்கூடாது. சாப்ட்டு முடிக்கட்டும், ஏத்திக்கலாம்." செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மீன்களுக்கு நடுவில் ஒரு தட்டை வைத்தாள். "நீயும் உக்காரு."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் நீ என்றாள். குணவதிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதே என்று அடுத்த நொடி வெட்கமாகவும் இருந்தது.

மதகிலிருந்து நாட்டாமை கத்தினார். "குணவதி! கை நனைச்சிராத! நனைச்சா அம்புட்டு மீனும் உனக்கும் சொந்தமாயிரும். அப்பறம் விக்க முடியாது, சொல்லிட்டேன்!"

"அங்க போயா நனைப்ப?" என்று லோகாம்பாளின் குரல் வந்தது. "நாளைக்கு நம்ம தெருவுல எந்த வூட்டுக்குள்ள காலெடுத்து வைப்ப?"

"வந்துரு குணவதி," என்று பக்கிரிசாமியும் ஊரோடு சேர்ந்து சொன்னான்.

அவளுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. நனைத்தால் விற்க முடியாது, விற்காவிட்டால் திருப்பூர். நனைக்காமல் போனால் மீனை ஏற்றலாம், குளம் நிற்கும், ஊர் நிற்கும், எல்லாம் அப்படியே நிற்கும். வாசற்படியில் காய்ந்து கிடந்த கட்லாவின் கண் ஞாபகம் வந்தது. தானும் ஆறு வருஷமாக ஒரு வாசலில் நின்று கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் ஊர் மேல் இருந்த எரிச்சல் அத்தனையும் தன் மேலேயே திரும்பி வந்து விழுந்தது. இதற்கு மேல் அவளால் முடியவில்லை. உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் கை வைத்துப் பிசைந்து, ஒரு வாய் போட்டாள். ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்காமல், மீன்களோடு மீனாக உட்கார்ந்து தட்டைக் காலி செய்து, "இன்னுங் கொஞ்சம் போடுக்கா," என்றாள்.

மதகில் யாரோ ஐயோ என்றார்கள்.

கை கழுவி வெளியே வந்தபோது நாட்டாமை கேட்டார், கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டார். "இப்ப என்னா பண்ணுவ? சொந்தத்த எப்புடி விப்ப?"

"வித்துதான் பொழைக்கணும், விப்பேன்," என்றாள் குணவதி. "சொந்தம்னு சொல்லித்தான் விப்பேன். நீங்க சொந்தம் கொண்டாடுனீங்க, தெரு தெரிஞ்சதும் கதவச் சாத்துனீங்க, அது வாசப்படியில செத்துச்சு. என்னைய விடவா நீங்க நல்லவங்க? நான் போட்டத அது தின்னுச்சு, இப்ப அது எனக்குச் சோறு போடப் போவுது. நாளைக்கு நான் திங்கிற ஒவ்வொரு வாயிலயும் இதுங்க பேர நெனப்பேன். போங்க, போயி உங்க குப்பையப் பத்திரமா வச்சுக்குங்க."

"சொந்தந்தான் சோறு போடும்," என்றாள் செல்லக்கிளி வாசலில் நின்று. "பொறத்தியானா போடுவான்?" பிறகு உள்ளே திரும்பி, வீட்டுக்கு வந்தவர்களை அனுப்பும்போது சொல்கிற அதே குரலில், "சரி, நேரமாச்சு, போயிட்டு வாங்க," என்றாள்.

சாப்பாடு முடிந்தால் கிளம்ப வேண்டும் என்பது மனிதர்களுக்குச் சொல்லியும் புரிவதில்லை, மீன்களுக்குப் புரிந்தது. குனிந்த வாசல் வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்து, முழங்கால் உயரத்தில் நீந்தி, மதகில் நின்ற ஊரின் கால்களுக்கு நடுவே புகுந்து போயின. நாட்டாமை வீட்டு ரோகு அவரைப் பார்க்காமலே கடந்தது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பக்கிரிசாமி தன் புல்லுக்கெண்டையைத் தொடக் கையை நீட்டினான், அது ஒரு நிமிஷம் நின்று அவன் கையை முகர்ந்துவிட்டுப் போயிற்று. லாரியின் பின்கதவு வழியாக ஏறி, வலையில்லாமல், ஆளில்லாமல், தாமாகவே பெட்டிகளில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. யாசின் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

குணவதியும் போயிட்டு வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் லாரியில் நின்ற கூலியாள் மண்வெட்டியால் ஐஸை அள்ளிப் பெட்டிகளின் மேல் மடேர் மடேர் என்று கொட்ட ஆரம்பித்தான். அவள் மதகைத் தாண்டி ஓடினாள், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அவனைப் பார்த்துக் கத்தினாள்:

"மெதுவாக் கொட்டுய்யா, கண்ணுல படப்போவுது! எங்க சனங்கய்யா அது!"